வீட்டிலேயே நகத்தில் ஓம்ப்ரே போட்டால் குமிழி வருகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாநகர் அல்லி:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன். நகத்தில் ஒரு நிறம் மெல்லக் கரைந்து இன்னொரு நிறமாக மாறுமே, ஓம்ப்ரே என்றும் கிரேடியன்ட் என்றும் சொல்கிறார்களே, அதை வீட்டிலேயே போட வேண்டும். அடுத்த மாதம் சித்தி பெண்ணுக்கு ரிசப்ஷன். நான் கட்டப்போவது மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்கு பார்டர். பார்லரில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் இதைக் கற்றுக்கொண்டு என் கையாலேயே போட வேண்டும் என்று ஆசை.

செய்தது இதுதான். பேஸ் கோட், அதன் மேல் வெள்ளை, அது காய்ந்ததும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் புதிதாக ஒன்றை வெட்டி, அதில் பச்சையும் அரக்கும் பக்கத்தில் பக்கத்தில் தடவி நகத்தில் ஒற்றினேன். முதல் தடவை இரண்டு நிறத்துக்கும் நடுவில் சாணி நிறத்தில் ஒரு பட்டை வந்தது. இரண்டாவது தடவை நகம் முழுக்க ரவை தூவியது போலக் குமிழி. மூன்றாவது தடவை நன்றாகவே வந்தது, இரவு பதினொரு மணிக்கு முடித்து, ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் படுத்தேன். காலையில் பார்த்தால் பத்து நகத்திலும் போர்வையின் நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. விரலைச் சுற்றித் தோலெல்லாம் அப்பிக்கொள்வது வேறு. எங்கே தப்பு நடக்கிறது?

ராயபுரம் ராணி:

தங்கச்சி, நான் பத்து வருடமாக மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறவள், நகமும் பார்ப்பேன். சாணி நிறத்துக்குக் காரணம் உன் கை இல்லை, நீ எடுத்த நிறம். பச்சையும் சிவப்பும் எங்கே கலந்தாலும் பழுப்பாகத்தான் போகும், அரக்கு என்பது இருண்ட சிவப்புதானே. ஊதாவும் மஞ்சளும் அப்படித்தான். புடவையில் பச்சை உடல், அரக்கு பார்டர் அவ்வளவு அழகாக இருக்கிறதே என்று தோன்றும். அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இழை இழையாகத் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றோடு ஒன்று கரைவதில்லை. பாலிஷ் ஈரமாக ஈரத்தில் கலந்துவிடும்.

அதனால் அடுத்தடுத்த நிறமாக எடு. மயில்கழுத்தே நீலமும் பச்சையும் சேர்ந்ததுதான், அதையே நகத்திலும் கொண்டு வா. அடியில் வெளிர் பச்சை, நுனியில் அடர்ந்த நீலம். அரக்கு வேண்டுமென்றால் மோதிர விரலுக்கு மட்டும் முழுசாக அரக்கு போட்டுவிடு, பார்டரோடு சேர்ந்துகொள்ளும். மாம்பழ மஞ்சளும் அரக்கும் எடுத்தாலும் நன்றாக வரும், நடுவில் ஆரஞ்சு வந்து அழகாக நிற்கும். வாடாமல்லியும் வெங்காயச் சருகு நிறமும் சேர்த்துப் போன தை மாதம் ஒரு பெண்ணுக்குப் போட்டேன், இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொன்று. எப்போதும் வெளிர் நிறம் நகக்கண் பக்கம், அடர் நிறம் நுனிப் பக்கம். படத்தில் தலைகீழாகவும் போட்டிருப்பார்கள், அது நம் கைக்கு ஆகாது. நாம் சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், மஞ்சள் ஏறுவது நுனியில்தான். வெள்ளையோ பேபி பிங்கோ நுனியில் இருந்தால் இரண்டே வேளைச் சாப்பாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போல வளரும், அடியில் உன் தோல் நிறத்துக்குக் கிட்டத்தில் வெளிராக இருந்தால் ஒரு வாரம் கழித்து விழுகிற இடைவெளி யார் கண்ணிலும் படாது. எனக்கு ஓம்ப்ரே பிடித்ததே இதனால்தான், ஒரே நிறம் போட்டால் இந்த வசதி கிடையாது.

அண்ணாநகர் அல்லி:

அக்கா, நிறத்தை இப்படி யோசிக்கவே இல்லை! நீலம், பச்சை என்று மாற்றிக்கொள்கிறேன். குமிழிக்கும் போர்வை அச்சுக்கும் என்ன செய்வது?

வேதியியல் டீச்சர்:

அது என் பாடம், நான் சொல்கிறேன். முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தேன், என் பெண்ணுக்கும் பேத்திக்கும் பாலிஷ் போட்டுவிடுவதும் நான்தான்.

சாதாரண நெயில் பாலிஷில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். அதை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பானில் கரைத்து, நிறமிகளும் பிசினும் சேர்த்திருப்பார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போகும், மிச்சம் நிற்பது மெல்லிய படலம். பெயின்ட் மாதிரி அல்ல, பெயின்ட்டேதான். 1920களில் காருக்கு அடித்த பளபளப்பு லாக்கரும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான்.

இப்போது அல்லியின் விஷயத்துக்கு வருகிறேன். கனமாகப் பூசிவிட்டு வேகமாகச் சுற்றுகிற ஃபேனுக்கு அடியில் நீட்டினால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து, பால் மேல் ஆடை படிவதுபோல ஒரு தோல் கட்டிவிடும். அடியில் இருக்கும் கரைப்பானுக்கு வெளியே போக வழி இல்லை. அது முட்டிக்கொண்டு வந்தால் குமிழி, வராமல் உள்ளேயே தங்கினால் அடிப்பாகம் களிமண்போல இளகியே இருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் தெரியும், ராத்திரி முழுக்கப் போர்வையோடு அழுந்தினால் அச்சு விழாமல் என்ன செய்யும்? பேஸ், வெள்ளை, ஒற்றியது இரண்டு மூன்று அடுக்கு, டாப் கோட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓம்ப்ரேயில் குறைந்தது ஐந்து அடுக்கு ஏறுகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கனமாகிவிட்டாலும் மொத்தமும் கெட்டுப்போகும்.

சென்னைக் காற்றில் ஈரம் ஜாஸ்தி, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் ஜாஸ்தி. கரைப்பான் ஆவியாகும்போது நகத்தின் மேல்பரப்பு குளிரும், ஈரமான காற்றில் அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளி படிந்து பாலிஷ் மங்கலாக, புகைபடிந்தது போல ஆகலாம். ஏசி இருக்கும் அறை கிடைத்தால் அங்கே போடுங்கள், ஏசி ஈரத்தை எடுத்துவிடும். இல்லாதவர்கள் மழை விட்ட நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனை ஒன்றில் வைத்தால் போதும், நேராக அடியில் உட்கார வேண்டாம்.

பாட்டிலைக் குலுக்கவும் கூடாது, குலுக்கினால் காற்று உள்ளே போய் அதுவே குமிழியாகும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சப்பாத்தி உருண்டை உருட்டுவதுபோல உருட்டுங்கள்.

வேளச்சேரி வானவில்:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் குமிழிக்கு ஸ்பாஞ்சும் ஒரு காரணம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஓட்டை பெரிது பெரிதாக இருக்கும், ஒற்றி எடுக்கும்போது ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குமிழி விட்டுவிட்டுப் போகும். ஃபேன்சி ஸ்டோரில் முக்கோணமாக மேக்கப் ஸ்பாஞ்ச் ஒரு பாக்கெட்டில் பல துண்டு கிடைக்கும், அதுதான் இதற்குச் சரி. பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபேன்சி ஸ்டோர். நகத்தின் அகலத்துக்குக் கத்தரித்துக்கொண்டால் தோலில் அப்புவதும் பாதியாகக் குறையும்.

ஸ்பாஞ்ச் காய்ந்ததாக இருக்க வேண்டும். நனைத்துக்கொள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், எனக்கு நனைத்தபோதெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது.

ராயபுரம் ராணி:

இல்லை வானவில், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ந்த ஸ்பாஞ்ச் பாலிஷைக் குடித்துவிடும், பத்து நகம் முடிப்பதற்குள் பாதி பாட்டில் காலி. நனைத்து, நன்றாகப் பிழிந்து, டிஷ்யூவில் வைத்து அழுத்தி எடுத்தால் தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஆனால் தண்ணீர் வராது. அந்தப் பதம்தான் வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு ஒற்றினால் புள்ளி வராமல் இருக்குமா?

வேளச்சேரி வானவில்:

அக்கா, குடிப்பதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன். முதலில் நிறமில்லாத பாலிஷை ஸ்பாஞ்சில் ஒரு தடவை தடவிவிடுவேன், அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அதன் மேல் நிறத்தைத் தடவினால் உள்ளே இறங்காது. தண்ணீரே கிட்ட வராது. மழை நாளில் இதை நம்பித்தான் போடுகிறேன்.

அண்ணாநகர் அல்லி:

இரண்டையும் செய்து பார்த்துவிடுகிறேன், இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்கு ராணி அக்கா முறை, மீதி இரண்டுக்கு வானவில் முறை. ஒற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன், எனக்குக் கோடு தெரிகிறது, கரைந்த மாதிரி வருவதில்லை.

ராயபுரம் ராணி:

ஸ்பாஞ்சில் பட்டை போடும்போது நகத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்குள் போடு. பச்சை, அதன் விளிம்பின் மேலேயே கொஞ்சம் ஏறுகிற மாதிரி நீலம். ஏறுகிற இடத்தில் டூத்பிக் வைத்து லேசாக இழு, அங்கேயே பாதி கரைந்துவிடும். நகத்தில் வைத்து ஒற்றும்போது ஒரே இடத்தில் ஒற்றாதே, எறும்பு நகர்கிற அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர் மேலே, ஒரு மில்லிமீட்டர் கீழே, நாலைந்து தடவை தட்டு. தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தட்டுவது மட்டும்தான். குழந்தைக்கு நெற்றியில் பவுடர் ஒற்றுகிற மாதிரி.

முதல் அடுக்கு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் அப்போதே அழுத்தி அழுத்தி ஒற்றுவதால்தான் பலருக்கு அடியில் இருக்கும் வெள்ளை பெயர்ந்து வருகிறது. விட்டுவிடு. மூன்று நாலு நிமிடம் கழித்து இரண்டாவது அடுக்கு, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒவ்வொரு விரலுக்கும் ஸ்பாஞ்சில் புதிதாகப் பட்டை போட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பட்டை போட்டு அரை நிமிடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும், அப்புறம் ஒற்றினால் நூல் நூலாக இழுக்கும், ஸ்பாஞ்சும் பிய்ந்து நகத்தில் ஒட்டும். அதனால் ஒரு விரல், ஒரு பட்டை. ஐந்து விரலையும் வரிசையாக முடித்துவிட்டுத் திரும்பப் பெருவிரலுக்கு வந்தால் முதல் அடுக்கு அதற்குள் காய்ந்திருக்கும், காத்திருக்கிறோம் என்ற எண்ணமே வராது.

தோலைச் சுற்றி ஒட்டாமல் இருக்க வெள்ளை ஃபெவிகாலை விளிம்பில் மெல்லிசாகத் தடவிக் கண்ணாடி மாதிரி தெளியும்வரை விடு, ஈரக் காற்றில் பத்து நிமிடமாவது ஆகும். ஒற்றி முடித்ததும், கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே டூத்பிக்கால் ஒரு முனையைக் கிளப்பி உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் நகத்தில் இருக்கும் நிறத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். தோல் அரிக்கிறவர்கள் ஃபெவிகால் பக்கம் போக வேண்டாம், மெல்லிய பிரஷை ரிமூவரில் தொட்டுத் துடைத்தாலே போதும். பிள்ளைகள் ஓவிய வகுப்புக்கு வாங்குகிற சின்ன பிரஷ்தான். வாசலின் தடவச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நகத்தின் மேல் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் பாலிஷ் ஒட்டாது.

மயிலாப்பூர் மல்லிகை:

எண்ணெய்ப் பேச்சு வந்ததால் நானும் ஒரு வார்த்தை. எனக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் காலத்தில் நெயில் பாலிஷ் என்ற பேரே கிடையாது, கியூடெக்ஸ் என்றுதான் சொல்வோம், அது ஒரு பிராண்டின் பெயர் என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த கையோடு கியூடெக்ஸ் போட்டுக்கொண்டால் மறுநாளே உரிந்துவிடும், ஏன் என்று அப்போது புரியவில்லை.

வேதியியல் டீச்சர்:

இரண்டு காரணம் மல்லிகை. எண்ணெய்ப் பசை ஒன்று. இன்னொன்று தண்ணீர்: நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும், காயும்போது சுருங்கும். விரிந்த நகத்தின் மேல் பாலிஷ் பூசினால் அது சுருங்கும்போது மேலே இருக்கிற படலம் பிடி விட்டுவிடும். குளித்து, பாத்திரம் கழுவி, துணி அலசி முடித்து ஒன்றிரண்டு மணி நேரமாவது போக வேண்டும். போடுவதற்கு முன்னால் ரிமூவர் தொட்ட பஞ்சால் வெறும் நகத்தை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். நைட்ரோசெல்லுலோஸ், அசிடேட், அசிட்டோன் எல்லாமே சுலபமாகத் தீப்பிடிப்பவை. சமையலறையில் அடுப்பு எரியும்போது போடாதீர்கள், பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி பக்கத்திலும் வேண்டாம். தெர்மாகோல் தட்டில் பாலிஷை ஊற்றிக் கலக்கவும் கூடாது, தட்டு உருகி ஓட்டையாகிவிடும். எவர்சில்வர் தட்டும் ஆவின் பால் கவரும் போதும், கவரைக் கழுவிக் காயவைத்து விரித்துக்கொண்டால் நிறம் கலக்க நல்ல பலகை. மூக்குக் கண்ணாடி, போன் கவர் மேல் ரிமூவர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் அப்பா:

எனக்கும் ஒரு உதவி வேண்டும். மகளுக்கு எட்டு வயது, அவள் அம்மா ஊரில் இல்லாத நாட்களில் நான்தான் எல்லாம். வானவில் நிறத்தில் நகம் வேண்டும் என்று கேட்கிறாள். இவ்வளவு அடுக்கு போடுகிற வரைக்கும் அவள் கை அசையாமல் இருக்கவே மாட்டாள். சுலபமான வழி இருந்தால் சொல்லுங்கள். பள்ளியில் திங்கட்கிழமை நகம் பார்ப்பார்கள், அதற்குள் எடுத்துவிடவும் வேண்டும்.

திருவல்லிக்கேணி நிலா:

அண்ணா, எடுப்பதற்கு என்னிடம் வழி இருக்கிறது. பாலிஷ் இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளூ நிறைவேறாது, அதனால் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும்தான் போடுவேன், அந்த நாள் முடிந்ததும் பத்து நகத்திலும் ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்தாக வேண்டும். ஐந்து அடுக்கை அசிட்டோன் வைத்துத் தேய்த்து எடுத்து எடுத்து நகமே வெளுத்துப் போனது. இப்போது பேஸ் கோட்டுக்குப் பதிலாக ஃபெவிகாலில் ஒரு சொட்டு தண்ணீர் கலந்து நகத்தில் பூசி, அது தெளிந்த பிறகு அதன் மேல் எல்லாம் போடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்து ஓரத்தைக் கிளப்பினால் மொத்தமும் ஒரே ஏடாக வந்துவிடும். நகத்தைச் சுரண்டவே வேண்டாம். ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும், தண்ணீரில் கை வைத்தால் அதுவும் குறையும், ஆனால் உங்கள் மகளுக்குச் சனி ஞாயிறு போதுமே. ஞாயிறு ராத்திரி அவளே உரித்து எடுப்பாள், போடுவதைவிட அதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

வேளச்சேரி வானவில்:

அண்ணா, ஐந்து விரலையும் சேர்த்து ஒரே ஓம்ப்ரேயாகச் செய்யுங்கள், ஸ்பாஞ்சே வேண்டாம். ஒரே ஒரு அடர் நிறமும் ஒரு வெள்ளையும் போதும். பெருவிரலுக்கு முழு நிறம், ஆள்காட்டிக்கு அதில் ஒரு சொட்டு வெள்ளை, நடுவிரலுக்கு இரண்டு சொட்டு என்று பால் கவரில் கலந்துகொண்டே போனால் சுண்டுவிரலில் அது வெளிறிப்போய் நிற்கும். விரலுக்கு ஒரு பூச்சுதான். கலக்குகிற வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சாப்பிடுகிற கையில் போடாமல் இடது கைக்கு மட்டும் போடுங்கள், சின்னப் பிள்ளை, பெயர்ந்தது சாதத்தோடு வாய்க்குள் போகக்கூடாது.

நைட் டியூட்டி:

நான் நர்ஸ். வேலைக்குப் போகும்போது கையில் நகப்பூச்சு கூடாது, நகம் வளர்க்கவும் கூடாது. அதனால் என் ஓம்ப்ரே எல்லாம் கால் நகத்தில்தான். கால் நகம் கை நகத்தில் பாதி வேகத்தில்தான் வளரும், பாத்திரமும் துணியும் கிடையாது, அதனால் ரொம்ப நாள் நிற்கும். பெருவிரலுக்கு மட்டும் நிறம் கரைகிற மாதிரி போட்டு மற்ற நாலுக்கும் நுனி நிறத்தையே போட்டுவிடுவேன், ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பார்த்தால் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும்போது பாலிஷை எடுத்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவி நகத்தின் வழியாக ஒளி விட்டுத்தான் அளக்கிறது, கறுப்பு, நீலம் மாதிரி அடர் நிறம் அளவை மாற்றிக் காட்டலாம். விரல் நுனி வெளிறுகிறதா நீலம் பாய்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கும் வெறும் நகம் வேண்டும். அழகாகப் போட்டுக்கொண்டு வந்த ஓம்ப்ரேயைப் பதற்றத்தில் இருக்கும் பெண்ணின் கையிலிருந்து துடைப்பது எனக்குமே கஷ்டமாக இருக்கிறது.

இணையத்தில் வாங்குகிற ஜெல் பாலிஷ் செட், அதை இறுகவைக்கிற விளக்கு எல்லாம் வைத்து வீட்டில் போடுகிறவர்களும் கவனம். ஜெல் முழுசாக இறுகாமல் தோலில் பட்டால் அதில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனத்தால் அலர்ஜி வரலாம், ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு போகாது. விரலைச் சுற்றி அரிப்பும் வெடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் பழகுகிறவர்களுக்குச் சாதாரண பாலிஷும் ஸ்பாஞ்சும் போதும் என்பதுதான் என் எண்ணம்.

அண்ணாநகர் அல்லி:

போட்டுப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை, மழை விட்டிருந்தது, மதியம் சாப்பிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்து, மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். பாட்டிலை உருட்டினேன். வெள்ளையை இதுவரை இல்லாத அளவு மெல்லிசாகப் பூசி, நகம் கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதும் சரி. ராணி அக்கா சொன்ன பதத்துக்கு வர எனக்கு இரண்டு விரல் ஆனது, பெருவிரலில் ஈரம் அதிகமாகி இரண்டு குமிழி வந்தது, நடுவிரலில் ஒன்றுகூட இல்லை. வானவில் முறையில் குமிழி வரவே இல்லை, ஆனால் ஸ்பாஞ்ச் சீக்கிரம் இறுகிவிடுகிறது, இரண்டு விரலுக்கு ஒரு துண்டு என்று மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு எதில் வித்தியாசம் தெரிந்தது என்றால் காத்திருந்ததில்தான். ஒரு சுற்று முடித்துப் பெருவிரலுக்குத் திரும்பி வந்தபோது அது காய்ந்து நின்றது பாருங்கள், அப்போதே புரிந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு நகத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த நகத்துக்குப் போனேன்.

வலது கை இடது கையைவிட நன்றாக வந்திருக்கிறது! பிரஷ் என்றால் இடது கையால் என்னால் போடவே முடியாது, கோணல்மாணலாகிவிடும். தட்டுவதற்கு எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதான்.

ஒரே குறை, டாப் கோட் போடும்போது மூன்று விரலில் நீலம் இழுபட்டு பச்சைக்குள் வந்துவிட்டது.

ராயபுரம் ராணி:

அது சின்ன விஷயம்டா. பத்து நிமிடம் பொறு, அப்புறம் டாப் கோட்டை பிரஷ்ஷில் தாராளமாக எடுத்து, ஒரு துளியாக நகத்தின் நடுவில் வை. பிரஷ் முடி நகத்தைத் தொடக்கூடாது, அந்தத் துளியைத்தான் அங்கேயும் இங்கேயும் நகர்த்த வேண்டும், தோசை மாவை அழுத்தாமல் சுற்றுகிற மாதிரி. ஒற்றியதால் வருகிற சொரசொரப்பும் அதில் அமுங்கி வழவழப்பாகிவிடும். கடைசியாக நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு, நுனியிலிருந்துதான் முதலில் பெயர ஆரம்பிக்கும். மூன்று நாள் கழித்து இன்னொரு மெல்லிய டாப் கோட் போட்டால் ரிசப்ஷன் தாண்டியும் நிற்கும்.

அண்ணாநகர் அல்லி:

ரிசப்ஷன் முடிந்தது. முதல் நாளே மதியம் போட்டு முடித்து, ராத்திரி வரைக்கும் ஒரு வேலையும் தொடவில்லை, போர்வை அச்சு இல்லை. அடியில் பாசிப்பச்சை, நுனியில் மயில் நீலம், மோதிர விரலில் அரக்கு. மேடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு எந்தப் பார்லர் என்று கேட்டார்கள். நானே போட்டேன் என்று சொன்னபோது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பந்தியில் வத்தக்குழம்பும் ரசமும் கையால்தான் சாப்பிட்டேன். நுனியில் ஒரு கறை இல்லை.

இப்போது அம்மா தனக்கும் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் நகத்தில் மருதாணிச் சிவப்பு இருக்கிறது, ஆடியில் வைத்தது, மேலே ஏறிப் பாதி நகத்தில் நிற்கிறது. வெள்ளை பூசி மறைத்துவிட்டுப் போடட்டுமா?

மயிலாப்பூர் மல்லிகை:

மறைக்காதேம்மா. மருதாணி நகத்துக்குள்ளேயே ஊறி நிற்பது, வளர்ந்து வெளியே போனால்தான் போகும், முழு நகத்துக்கு ஆறு மாதம் போல ஆகும். அடியில் இயற்கை நிறம், மேலே சிவப்பு என்று அதுவே ஒரு பாதி ஓம்ப்ரே. அந்தக் கோட்டின் மேல் மட்டும் வெங்காயச் சருகு நிறத்தை லேசாக ஒற்றிக் கரைத்துவிட்டு, நுனியில் அரக்கு ஒற்றி, டாப் கோட் போட்டுவிடு. வெள்ளையே வேண்டாம். கை நடுங்காமல் இருக்க அம்மாவின் கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொள்.

அண்ணாநகர் அல்லி:

சரி ஆன்ட்டி, ஞாயிறு மதியம் போடுகிறேன். வெங்காயச் சருகு நிறம் வீட்டில் இல்லை, நாளைக்கு ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிக்கொண்டு வருகிறேன்.